கடையில் விற்றதுதானே, பயமென்ன?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். மான்செஸ்டரில் வசிக்கும் ஒரு தாய்க்கு மகனின் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மாணவர்களிடம் பறிமுதல் செய்த வேப் (மின் சிகரெட்) கருவிகள் சிலவற்றில் ‘ஸ்பைஸ்’ என்ற செயற்கைப் போதைப்பொருள் இருந்ததாம். பதினைந்து வயது மகனிடம் விசாரித்தால், “அது முன்பு கடையிலேயே விற்ற லீகல் ஹை (சட்டம் தடுக்காத போதைப்பொருள்) தானம்மா. கஞ்சா மாதிரிதான், ஆய்வகத்தில் செய்தது, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டானாம். அவன் சொல்வதில் எவ்வளவு உண்மை, அது உடம்பை என்ன செய்யும், தான் பயப்பட வேண்டுமா என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் மகன் சொன்னதில் கடையில் விற்றது என்ற பகுதி மட்டும் சரி. 2016-ஆம் ஆண்டு மே 26 வரை பிரிட்டனின் பல ஊர்களில் கடைத்தெருவிலேயே விற்றார்கள். பளபளக்கும் சிறு பொட்டலம், மேலே கார்ட்டூன் படம், வாயில் நுழையாத ஒரு பெயர், மூலையில் பொடி எழுத்தில் ‘மனிதர் உட்கொள்வதற்கு அல்ல’ என்ற ஒரு வரி. நறுமணப் புகை என்பார்கள், செடிக்கு உரம் என்பார்கள், குளியல் உப்பு என்பார்கள். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் அது எதற்கென்று தெரியும். அந்த ஒரு வரி சட்டத்துக்காக எழுதிய வரி. உணவு என்றோ மருந்து என்றோ சொன்னால் பரிசோதனைச் சான்று கேட்பார்கள் அல்லவா?

அந்த நாட்களில் அது சட்டவிரோதமாக இல்லாமல் இருந்ததற்கு ஒரே காரணம், அந்த மூலக்கூறின் பெயர் இன்னும் எந்தப் பட்டியலிலும் ஏறாததுதான். யாரும் சோதித்துப் பார்த்து, பாதகமில்லை என்று அனுமதி கொடுத்துவிடவில்லை. ஒரு சாதாரண வலி மாத்திரைகூட விலங்குகளிடமும் பிறகு ஆயிரக்கணக்கான மனிதர்களிடமும் ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்பட்ட பிறகே மருந்துக் கடைக்கு வருகிறது. இந்தப் பொட்டலத்தில் இருந்த பொருளை அதற்கு முன் உட்கொண்டவர்கள் போன மாதம் அதை வாங்கியவர்கள் மட்டுமே. மற்ற ஆபத்துகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இது புதுக் கதையும் இல்லை. 1982-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகர மருத்துவமனைக்கு நாற்பதுகளில் இருந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கண் திறந்திருக்கிறது, பேச்சில்லை, அசைவில்லை. மனநோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். விரல்கள் லேசாக அசைவதைக் கவனித்த மருத்துவர்கள் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்ததும், மெல்ல மெல்ல எழுதிப் பதில் சொன்னார். அறிவு முழுதாக இருந்தது, உடம்புதான் பூட்டிக்கொண்டிருந்தது. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனும் அவருடைய குழுவும் தேடிப் பார்த்தபோது அந்த வட்டாரத்தில் இதே நிலையில் இன்னும் சிலர் கிடைத்தார்கள். எல்லாரும் ‘செயற்கை ஹெராயின்’ என்று விற்கப்பட்ட ஒரு பொடியை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள். பெத்திடின் என்ற வலி மருந்தின் அமைப்பைச் சற்றே மாற்றி, அன்றைய சட்டப் பட்டியலில் இல்லாதபடி யாரோ தயாரித்தது. தயாரிப்பில் நேர்ந்த பிசகில் எம்பிடிபி என்ற வேறொரு பொருள் அதில் கலந்துவிட்டது. அது மூளைக்குள் போய், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைனைச் சுரக்கும் செல்களைத் தேடிப்பிடித்ததுபோல் அழித்தது. முதுமையில் வரும் பார்க்கின்சன் நோய் இளைஞர்களுக்குச் சில நாட்களில் வந்தது. அந்த நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரை கொஞ்ச காலம் அசைவைத் திருப்பிக் கொடுத்தது. செத்த செல்கள் திரும்பவில்லை.

அந்தப் பொடியைச் செய்தவனுக்கு யாரையும் முடமாக்கும் எண்ணம் இருந்திருக்காது. தான் என்ன செய்துவைத்தோம் என்பதே அவனுக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் நிலைமை அப்படியே இருக்கிறது.

இனி ஸ்பைஸுக்கு வருகிறேன். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சி மூளையில் எந்தப் பூட்டைத் திறக்கிறது என்பதை ஆராய, 1980-களிலிருந்து நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைத் தயாரித்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் ஓர் எண்ணும் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர். ஆய்வுக் கட்டுரைகளில் எல்லாவற்றையும் வெளியிட்டார், விஞ்ஞானிகள் செய்வதுபோல. 2004 வாக்கில் ஐரோப்பாவில் ‘ஸ்பைஸ்’ என்ற பொட்டலம் வரத் தொடங்கியது. அட்டையில் அரிய மூலிகைகளின் பட்டியல். பல ஆண்டுகள் அதை மூலிகை என்றே நம்பினார்கள். 2008 டிசம்பரில் ஜெர்மனி, ஆஸ்திரியா ஆய்வகங்கள் அந்தத் தழையின்மேல் ஹஃப்மனின் ஜேடபிள்யூஎச்-018 தெளிக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தன. மூலிகைகள் வெறும் தூக்குச்சட்டி. உள்ளே இருந்தது வேறு.

2009 ஜனவரியில் ஜெர்மனி தடை போட்டது. சில வாரங்களில் ஜேடபிள்யூஎச்-073 சந்தைக்கு வந்துவிட்டது. ஒரு கார்பன் அணு மட்டும் குறைவு. சட்டத்தின் கண்ணில் அது வேறு பொருள். மூளையின் கண்ணில் கிட்டத்தட்ட அதே பொருள். அதற்கும் தடை வந்தது, இன்னொன்று வந்தது. ஒவ்வொரு தடைக்குப் பிறகும் வந்தது முந்தையதைவிடப் பழக்கமில்லாததாக இருந்தது, பெரும்பாலும் வீரியமும் கூடியதாக இருந்தது. தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பெயராகத் தடை செய்ததன் பலன், தெரிந்த விஷத்தை விலக்கித் தெரியாத விஷத்தை உள்ளே அழைத்ததுதான். 2021-இல் சீனா இந்த வகை மூலக்கூறுகளை மொத்தமாகத் தடை செய்தது. அந்த வரையறைக்குள் அடங்காத புதிய அமைப்புகள் கொஞ்ச நாளில் முளைத்தன.

“கஞ்சா மாதிரிதான்” என்ற பகுதிக்கு இப்போது வருவோம். இது தவறு. ஏன் தவறு என்பது உங்கள் மகனுக்கும் புரியும். அறிவியல் பாடம் படிக்கிறவன்தானே.

மூளையில் சிபி-1 என்ற ஏற்பிகள், அதாவது நான் முன்பு சொன்ன பூட்டுகள், இருக்கின்றன. டிஎச்சி அவற்றில் ஒட்டிக்கொண்டு அரைகுறையாகவே தூண்டும். எவ்வளவு கூட்டினாலும் ஓரளவுக்குமேல் தூண்டல் ஏறாது. போதாக்குறைக்கு, கஞ்சாச் செடியில் டிஎச்சியின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தக்கூடும் என்று கருதப்படும் சிபிடி போன்ற வேறு பொருட்களும் இருக்கின்றன. (கஞ்சா நல்லது என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினைந்து வயது மூளைக்கு அதுவும் கெடுதல்தான்.) ஸ்பைஸில் உள்ள மூலக்கூறுகள் அதே ஏற்பியை முழுமையாகத் தூண்டுகின்றன. டிஎச்சிக்கு உள்ள அந்த வரம்பு இவற்றுக்குக் கிடையாது. உடல் அவற்றைச் சிதைத்த பிறகு வரும் மிச்சப் பொருட்களிலும் சில, ஏற்பியைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஏற்பிகள் மூளையில் மட்டும் இல்லை. இதயம், குடல், இரத்தக்குழாய் என்று பல இடங்களில் இருக்கின்றன. அதனால்தான் ஒருவனுக்கு வலிப்பு, இன்னொருவனுக்கு நெஞ்சுத் துடிப்பில் கோளாறு, மற்றொருவனுக்கு நிற்காத வாந்தி.

2016 ஜூலை 12 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரே தெருவை ஒட்டி 33 பேர் இப்படிச் சாய்ந்தார்கள். வெறித்த பார்வை, மெல்லிய முனகல், இயந்திரம்போல் கைகால் அசைவு. செய்தித்தாள்கள் நடைப்பிணங்கள் என்று எழுதின. இரத்தத்தைச் சோதித்தபோது ஏஎம்பி-ஃபுபினாகா என்ற மூலக்கூறின் மிச்சம் கிடைத்தது. ஒரு பெரிய மருந்து நிறுவனம் 2009-இல் வலி நிவாரணத்துக்காகக் காப்புரிமை கேட்டு, மருந்தாக்காமல் விட்டுவிட்ட குடும்பத்தைச் சேர்ந்தது அது. டிஎச்சியைப்போல் 85 மடங்கு வீரியம். அதே பொருள் மறு ஆண்டு நியூசிலாந்துக்குப் போனது. அங்கே ஓராண்டுக்குள் 40-க்கும் மேற்பட்டவர்களின் மரணத்தைச் செயற்கைக் கஞ்சாவோடு (ஸ்பைஸ் வகைகளுக்கு இன்னொரு பெயர்) தொடர்புபடுத்தி மரண விசாரணை அதிகாரிகள் பதிவு செய்தார்கள். நியூசிலாந்தைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் பொருட்களைச் சோதித்து, ஆபத்து குறைந்தவை என்று தயாரிப்பாளர் நிரூபித்தால் உரிமம் தருகிறோம் என்று 2013-இல் சட்டம் இயற்றிய நாடு அது. அந்தச் சட்டத்தின்கீழ் அப்படி நிரூபித்து முழு அனுமதி பெற்ற பொருள் ஒன்றுகூட வரவில்லை.

அளவு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் “என் நண்பன் இழுத்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை” என்ற பேச்சு இங்கேதான் தகர்கிறது. வேதிப்பொடியைக் கரைப்பானில் கரைத்து, காய்ந்த தழையின்மேல் தெளித்து, மண்வெட்டியாலோ சிமெண்ட் கலக்கும் இயந்திரத்தாலோ புரட்டுகிறார்கள். எங்கே எவ்வளவு ஒட்டியது என்பதற்குக் கணக்கில்லை. கிளறாமல் இறக்கிய உப்புமாவில் ஒரு வாய் சப்பென்றிருக்கும், அடுத்த வாயில் உப்புக்கல் கடிபடும். அந்த மாதிரி, ஒரே பொட்டலத்தின் ஒரு மூலை வெறும் தழை, மறு மூலை ஆளைச் சாய்க்கும் அளவு. இரண்டு நண்பர்கள் ஒரே பொட்டலத்திலிருந்து இழுத்து, ஒருவன் சிரித்துக்கொண்டிருக்க மற்றவன் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது இதனால்தான். மில்லிகிராமில் ஒரு பங்குகூட வேலை செய்யும் பொருளைக் கண் அளவில் கலந்தால் வேறென்ன நடக்கும்?

நான் இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவன். இந்தப் பொட்டலங்கள் கடையில் கிடைத்த காலத்தில் ஓர் இரவு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைக் கூட வந்த இரண்டு பேர் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் நாடித்துடிப்பு 150-ஐத் தாண்டி ஓடியது. கொஞ்ச நேரத்தில் வலிப்பு. வலிப்பு அடங்கிய பிறகு துடிப்பு 50-க்குக் கீழே இறங்கியது. என்ன எடுத்தான் என்று கேட்டால் நண்பர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். போலீஸுக்குச் சொல்ல மாட்டோம் என்று செவிலியர் இரண்டு முறை சொன்ன பிறகு ஒருவன் காலணிக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்தான். அதில் ஓர் ஆந்தைப் படம். பொருளடக்கம் என்ற இடத்தில் ‘நறுமண மூலிகைகள்’. சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா இல்லை, கொக்கைன் இல்லை, ஓபியம் இல்லை. ஒன்றுமே எடுக்காத பையனுடைய முடிவு அது. என்ன பொருள் என்று தெரியாமலே வலிப்புக்கு மருந்தும் நரம்பில் திரவமும் கொடுத்துக்கொண்டு, இதய வரைபடத்தைப் பார்த்தபடி நின்றோம். விடிகாலையில் கண் விழித்தவன் முதலில் கேட்டது, தன் காலணிகள் எங்கே என்று.

அந்தப் பரிசோதனை விஷயத்தைக் கவனியுங்கள். மருத்துவமனைகளில் இருக்கும் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை ஸ்பைஸைக் காட்டாது. பரிசோதனைக்கு ஆளாகிற சிறைக்கைதிகளிடமும் படைவீரர்களிடமும் இது பரவியதற்கு அதுவே பெரிய காரணம். பிரிட்டன் சிறைகளில் கடிதத் தாளை இந்தத் திரவத்தில் நனைத்து உள்ளே அனுப்பினார்கள். அதனாலேயே பல சிறைகளில் கைதிக்கு வரும் கடிதத்தை நகலெடுத்துக் கொடுக்கிறார்கள். 2013 ஜூனுக்கும் 2016 செப்டம்பருக்கும் இடையே நடந்த 79 சிறை மரணங்களில் இந்தப் புதிய போதைப்பொருட்களுக்குத் தொடர்பு உண்டு அல்லது இருந்திருக்கலாம் என்று சிறை மரணங்களை விசாரிக்கும் அதிகாரி சொன்னார். அவற்றில் பெரும்பகுதி தற்கொலை. மனம் பேதலிப்பதும் இதன் விளைவுகளில் ஒன்று என்பதை நினைவில் வையுங்கள். யாரோ துரத்துகிறார்கள், குரல் கேட்கிறது என்ற நிலை சிலருக்குப் போதை இறங்கிய பிறகும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். குடும்பத்தில் மனநோய் இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம்.

சிறுநீரகம் இன்னொரு பலி. 2012-இல் அமெரிக்காவின் ஆறு மாநிலங்களில் 15 முதல் 33 வயது வரையிலான 16 பேருக்குத் திடீரென்று சிறுநீரகம் செயலிழந்தது. அவர்களில் யாருக்கும் முன்பு சிறுநீரக நோய் இருந்ததில்லை. வயிற்று வலி, வாந்தி என்றுதான் வந்தார்கள். சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது செயற்கைக் கஞ்சா. பலருடைய மாதிரிகளில் எக்ஸ்எல்ஆர்-11 என்ற அப்போதைய புதுவரவு கிடைத்தது.

2018-இல் இல்லினாய் மாநிலத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். மூக்கிலும் ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் வடிய, மார்ச் மாதத்திலிருந்து இளைஞர்கள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். கடைசியில் 150 பேருக்கு மேல், சிலர் இறந்தார்கள். அவர்கள் புகைத்த சரக்கில் புரோடிஃபாகும் என்ற எலிமருந்து கலந்திருந்தது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே-யை உடல் மறுபடி பயன்படுத்த விடாமல் தடுப்பது அதன் வேலை. உடலில் மாதக்கணக்கில் தங்கும். பிழைத்தவர்கள் தினமும் கைநிறைய வைட்டமின் கே மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்க வேண்டியிருந்தது. விற்றவன்மேல் வழக்குப் போடலாம். எதை வாங்கினோம் என்று எந்த ரசீதைக் காட்டுவது?

ஸ்பைஸ் இவற்றில் ஒரு குடும்பம் மட்டுமே. கடைகளில் விற்ற இன்னொரு பெரிய குடும்பம் கத்தினோன்கள். ஏமனிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மெல்லும் காட் இலையில் இயற்கையாக உள்ள ஒரு பொருளின் செயற்கை உறவினர்கள். பிரபலமானது மெஃபெட்ரோன், 1929-லேயே தயாரிக்கப்பட்டு மறக்கப்பட்டது, 2003 வாக்கில் இணையத்தில் உயிர்த்தெழுந்தது. ‘செடி உரம்’ என்ற பெயரில் விற்றார்கள். பிரிட்டன் 2010 ஏப்ரல் 16 அன்று தடை செய்தது, இந்தியா 2015 பிப்ரவரியில். தமிழ்நாட்டிலிருந்து இதை வாசிப்பவர்கள் இதை வெளிநாட்டுச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். அண்மை ஆண்டுகளில் ஐரோப்பாவில் டன் கணக்கில் பிடிபட்ட கத்தினோன்களில் கணிசமான பகுதி இந்தியாவிலிருந்து நெதர்லாந்துக்குப் போனது.

இந்த வகை, ஸ்பைஸுக்கு எதிர்த்திசையில் கொல்லும். உடம்பை முடுக்கிவிடும். இதயம் ஓடும், இரத்தக்குழாய் சுருங்கும், தூக்கம் இருக்காது, பயமும் ஆவேசமும் கூடும். ஆபத்தின் மையம் உடல் வெப்பம். 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் தசைகள் சிதையத் தொடங்கும். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். அதோடு கல்லீரலும் இரத்தம் உறையும் தன்மையும் கெடும். ஆவேசத்தில் இருப்பவனை நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பது வெப்பத்தை இன்னும் ஏற்றும். குளிர்விப்பதும் அமைதிப்படுத்தும் மருந்தும்தான் உயிர் காக்கும்.

மெஃபெட்ரோன் தடைக்குப் பின் அதே கடைகளில் ‘என்ஆர்ஜி-1’ என்ற பெயரில் புதியதொன்று வந்தது. நாஃபைரோன் என்ற சட்டத்துக்குட்பட்ட பொருள் என்றார்கள். வாங்கிச் சோதித்துப் பார்த்தால் பலவற்றில் இருந்தது அதே மெஃபெட்ரோன், அல்லது அதோடு சேர்த்துத் தடை செய்யப்பட்ட அதன் சகோதரர்கள். ஆக, சட்டப்படி வாங்குகிறோம் என்ற அந்த ஒரே ஆறுதல்கூடப் பொய். ‘ஐவரி வேவ்’ என்று விற்ற குளியல் உப்பில் முதலில் எம்டிபிவி என்ற கத்தினோன் இருந்தது. 2010 கோடையில் பெயரும் பொட்டலமும் மாறாமல் உள்ளே டெசாக்ஸிபிப்ரட்ரால் என்ற வேறொரு பொருள் வந்தது. இதன் ஆட்டம் நாட்கணக்கில் நீடிக்கும். முன்பு போட்ட அளவையே போட்டவர்கள் எடின்பரோ மருத்துவமனைகளில் வரிசையாகச் சேர்ந்தார்கள். போதைக்காகவும் எடுக்கப்படும் கெட்டமைன் என்ற மயக்க மருந்தால் சிறுநீர்ப்பை புண்ணாகிறது என்று தெரிய வந்தபோது, சிறுநீர்ப்பைக்குப் பாதகமில்லாத மாற்று என்று மெத்தாக்ஸெட்டமைனை விளம்பரப்படுத்தினார்கள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் சிறுநீர்ப்பையும் சிறுநீரகமும் கெட்டன.

இந்த இடத்தில் பத்திரிகைகளையும் கொஞ்சம் திட்ட வேண்டும். 2010 மார்ச்சில் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊரில் இரண்டு இளைஞர்கள் இறந்ததும் மெஃபெட்ரோன் கொன்றது என்று தலைப்புச் செய்தி வந்தது. அந்த ஆரவாரத்தில்தான் தடையும் விரைந்தது. மே மாதம் வந்த பரிசோதனை முடிவில் அவர்கள் உடலில் மெஃபெட்ரோனே இல்லை. 2012-இல் மயாமியில் ஒருவன் இன்னொருவனின் முகத்தைக் கடித்துக் குதறிய கொடுமையை ‘குளியல் உப்பு’ போதை என்று உலகமே எழுதியது. அவன் உடலில் கிடைத்தது கஞ்சா மட்டும். மெஃபெட்ரோன் வேறு பலரைக் கொன்றிருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் பெரியவர்கள் ஒரு பொய்யைச் சொல்லிப் பிடிபட்டால், அடுத்து சொல்லும் பத்து உண்மையையும் பதினைந்து வயது காது வாங்காது. நீங்கள் மகனிடம் பேசும்போது ‘ஒரு இழுப்பில் செத்துவிடுவாய்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு இழுப்பில் ஒன்றும் ஆகாத நண்பர்கள் அவனுக்கு இருப்பார்கள்.

பள்ளிக் கடிதத்துக்குத் திரும்புகிறேன். பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் 38 பள்ளிகளில் பறிமுதலான 596 வேப் கருவிகளைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஆறில் ஒன்றில் ஸ்பைஸ். கஞ்சாவின் டிஎச்சி இருந்தவை நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். பறிமுதலான கருவிகள் என்பதால் எல்லா மாணவர்களின் வேப்பும் இப்படி என்று கொள்ள முடியாது. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் ‘கஞ்சா வேப்’ என்று காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஸ்பைஸ் என்பது தெளிவு. காரணம் எளிது: டிஎச்சி எண்ணெய் விலை அதிகம், ஸ்பைஸ் மலிவு. கஞ்சாவின் வாடையும் வராது. பழ மணம்தான் வரும், வீட்டில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் ஏமாற்றப்பட்டு இழுக்கிறார்கள். உங்கள் மகனைப் போன்றவர்களிடம் எடுபடும் வாதம் இது என்பது என் அனுபவம். ஆரோக்கிய உபதேசத்துக்கு அசையாத பையன்கள், தங்களை யாரோ முட்டாளாக்கிக் காசு பறிக்கிறான் என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சட்டமும் அவன் நினைப்பதுபோல் இல்லை. 2016 மே மாதச் சட்டம் மூளையைப் பாதிக்கும் பொருட்களின் விற்பனையை மொத்தமாகத் தடுத்தது. 300-க்கும் மேற்பட்ட கடைகள் மூடின அல்லது அந்த விற்பனையை நிறுத்தின. அந்த ஆண்டு டிசம்பரில், அதுவரை விடுபட்டிருந்த புதிய ஸ்பைஸ் வகைகளும் பி பிரிவு போதைப்பொருள் ஆயின. கஞ்சாவும் அதே பிரிவுதான். கையில் வைத்திருப்பதே குற்றம். கடைகள் ஒழிந்தது நல்லது. சரக்கு தெருவுக்கும் செல்பேசிச் செயலிகளுக்கும் போனது. மான்செஸ்டர் பிக்கடில்லி பூங்காவில் 2017-இல் வீடற்றவர்கள் நின்ற நிலையில் உறைந்திருந்த படங்களை நீங்களே பார்த்திருக்கலாம்.

பழக்கத்தை நிறுத்தினால் வரும் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். தினமும் இழுப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வாந்தி, தூக்கமின்மை, படபடப்பு, சிலருக்கு வலிப்பும் வரும். கஞ்சாவை நிறுத்துவதைவிட இது கடுமை. மகன் பழகிவிட்டான் என்று பின்னால் தெரிய வந்தால், அறையில் பூட்டி வைத்துத் திருத்தப் பார்க்காதீர்கள்; குடும்ப மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அண்மையில் இதைவிட அஞ்ச வேண்டிய ஒன்று சேர்ந்திருக்கிறது. 1950-களில் சுவிட்சர்லாந்து மருந்து நிறுவனம் ஒன்று கண்டுபிடித்து, வீரியம் மிக அதிகம் என்று கைவிட்ட நைட்டஸீன்கள். ஹெராயின் வகையைச் சேர்ந்தவை; மூச்சை நிறுத்திக் கொல்லும். 2019-க்குப் பிறகு போலி தூக்க மாத்திரைகளிலும் போலி வலி மாத்திரைகளிலும், பிரிட்டனில் சில வேப் திரவங்களில்கூட, இவை அகப்பட்டிருக்கின்றன. ஸ்பைஸுக்கு முறிமருந்து கிடையாது, இதற்கு உண்டு: நலாக்சோன். சில நேரம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொடுக்க வேண்டியிருக்கும்.

யாராவது சாய்ந்துவிட்டால் செய்ய வேண்டியதை மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் தெரிய வைப்பது நல்லது. மூச்சிருந்தும் நினைவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாந்தி தொண்டையை அடைத்துச் செத்தவர்கள் பலர். தூங்கட்டும், தெளிந்துவிடும் என்று தனியாக விட்டுப் போகக் கூடாது. 999-ஐ அழைக்க வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. உடம்பு கொதித்தால் சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணி வைத்து, காற்றாட விட வேண்டும். வலிப்பு வந்தால் கையைக் காலை அமுக்கிப் பிடிக்காமல் தலை இடிபடாதபடி பார்த்துக்கொண்டால் போதும். பொட்டலத்தையோ வேப் கருவியையோ தூக்கி எறியாமல் ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுக்க வேண்டும். போலீஸ் பயத்தில் பொய் சொன்னதால் சிகிச்சை தாமதமானவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆம்புலன்ஸ்காரரும் மருத்துவரும் உயிரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். என்ன எடுத்தான், எப்போது எடுத்தான் என்ற இரண்டும் அவர்களுக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வேல்ஸில் வெடினோஸ் என்ற அரசு ஆய்வகம் 2013-லிருந்து இயங்குகிறது. மாதிரியைப் பெயர் இல்லாமல் அஞ்சலில் அனுப்பினால் சோதித்து, உள்ளே என்ன இருந்தது என்று இணையத்தில் வெளியிடுகிறது. உங்கள் மகனோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலை ஒரு மாலை பாருங்கள். என்ன நினைத்து வாங்கினார்கள் என்பது ஒரு கட்டத்தில், உண்மையில் என்ன இருந்தது என்பது அடுத்த கட்டத்தில். டிஎச்சி வேப் என்று அனுப்பியவற்றின் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் இடையில் ஒன்றும் சொல்ல வேண்டாம்.